வெளியேறியவர்கள் விட்டுச்சென்ற மேடை: யோஹன்னஸ் ஹேஸ்டர்ஸின் திரைப்பயணம்

1936இல் ஜெர்மனியின் உஃபா நிறுவனம் தயாரித்த 'டாஸ் ஹோஃப்கான்சர்ட்' படத்தை இயக்கியவர் டெட்லெஃப் சியர்க். நாயகி ஹங்கேரியப் பாடகி மார்த்தா எகெர்ட். நாயகன் டச்சுப் பாடகர் யோஹன்னஸ் ஹேஸ்டர்ஸ். சியர்க்கின் மனைவி யூதர். மறு ஆண்டே சியர்க் ஜெர்மனியை விட்டுப் போனார். ஹாலிவுட் அவரை டக்ளஸ் சர்க் என்ற பெயரில் அறிந்தது. தாய்வழியில் யூதரான எகெர்ட், தன் கணவரும் பாடகருமான யான் கீபுராவுடன் அமெரிக்காவில் குடியேறினார். ஹேஸ்டர்ஸ் ஜெர்மனியிலேயே தங்கி, அந்நாட்டின் மிகப் பெரிய இசைப்பட நாயகர்களில் ஒருவரானார். அவருடைய திரைவாழ்வைப் படிக்க இந்த ஒரு படக்குழுவே போதுமான நுழைவாயில். அவர் நின்று பாடிய இடங்களில் பல, வேறு யாரோ விட்டுச்சென்றவை.

ஹேஸ்டர்ஸ் 1903இல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தவர். 1924இல் தியோ ஃப்ரெங்கல் இயக்கிய மௌனப் படமொன்றில் முதன்முதலாகத் தலைகாட்டினார். பாட்டுக்காரரை மௌனப் படம் என்ன செய்ய முடியும்? அடுத்த பத்தாண்டுகளும் மேடைதான் அவரை வளர்த்தது. 1934இல் அவர் நடித்த 'ப்ளேகெ பெட்' வந்தது. ஆம்ஸ்டர்டாமின் உழைப்பாளர் பேட்டையான யோர்டானில் நடக்கும் மக்கள் நாடகம் ஒன்றின் பேசும்பட வடிவம் அது. அலெக்ஸ் பென்னோவுடன் சேர்ந்து அதை இயக்கிய ரிச்சர்ட் ஓஸ்வால்ட், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டுத் தப்பி வந்த யூதர். அகதியான இயக்குநர் டச்சு மண்ணில் படமெடுக்கிறார். அதே படத்தின் பாடகர் அதே ஆண்டு வியன்னா ஃபோல்க்ஸ்ஓப்பர் அரங்குக்கும், பின் அங்கிருந்து பெர்லினுக்கும் போகிறார்.

அவர் பாடிய ஒப்பரெட்டா என்பது பாட்டும் வசனமும் நடனமும் காதல் குழப்பமும் கலந்த இலகுவான இசைநாடகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இசையமைப்பாளர்களிலும் பாடலாசிரியர்களிலும் பெரும்பகுதியினர் யூதர்கள். எமெரிச் கால்மான், பால் ஆப்ரஹாம், ஆஸ்கார் ஸ்ட்ராஸ், லியோ ஃபால் ஆகியோரின் படைப்புகளை நாஜி ஆட்சி மேடையிலிருந்து அகற்றியது. இசையமைப்பாளர் லெஹாருக்குப் பாடல்கள் எழுதிய ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா 1942இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஆனால் மக்களுக்கு ஒப்பரெட்டா வேண்டும், தியேட்டர்களுக்கு வசூல் வேண்டும். ஆகவே உஃபா அரை நூற்றாண்டு பின்னோக்கிப் போய், 1899இலேயே இறந்துவிட்ட இசையமைப்பாளர் கார்ல் மில்லோக்கரைத் தேடி எடுத்தது. 'டேர் பெட்டெல்ஸ்டூடென்ட்' 1936இலும் 'காஸ்பரோனே' 1937இலும் படமாயின. இரண்டையும் இயக்கியவர் கேயோர்க் யாக்கொபி. இரண்டிலும் நடிகை மரிக்கா ரொக்கும் ஹேஸ்டர்ஸும் நடித்தார்கள். அந்தக் கதைகளின் பழமையை வெறும் ரசனையாகக் கொள்ளும் திரைவரலாற்று நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிகழ்காலத்தின் பாட்டைத் தடை செய்தவர்களுக்குப் பழைய பாட்டு தேவைப்பட்டது.

இதனால் ஹேஸ்டர்ஸின் திறமையைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 'பெட்டெல்ஸ்டூடென்ட்' கதையில், தன்னை அவமதித்த பெண்ணைப் பழிவாங்க ஒரு கர்னல், சிறையிலிருக்கும் ஏழை மாணவனை இளவரசனாக வேடமிட்டு அனுப்புகிறான். வேடம் போட்டவன் உண்மையிலேயே காதலில் விழுகிறான். ஹேஸ்டர்ஸ் இதில் இளவரசனாகப் பாடும்போதும் மாணவனின் கூச்சம் குரலில் தங்கியிருக்கிறது. பாட்டை உரக்க எடுத்து அரங்கை நிரப்பும் பழக்கத்தை விட்டு, மைக்குக்கு அருகில் பேசுவதுபோல் பாட அவர் கற்றிருந்தார். ஜெர்மன் உச்சரிப்பில் கடைசிவரை மறையாத டச்சு வாடை, அவரை எந்த ஊருக்கும் சொந்தமில்லாத கனவானாக ஆக்கியது. டாப் ஹாட், டெயில்கோட், வெள்ளைப் பட்டுச் சால்வை என்று அந்த உருவம் உறைந்துபோயிற்று. சீருடையும் அணிவகுப்பும் நிறைந்த தெருவிலிருந்து தியேட்டருக்குள் நுழைந்தவருக்கு, சீருடையில்லாத இந்த மனிதர் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருப்பார்!

அந்த ஆறுதலைத் தருவது அரசின் திட்டமாகவே இருந்தது. நாஜி ஆண்டுகளில் வெளிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைப்படங்களில் நேரடிப் பிரச்சாரப் படங்கள் சிறுபான்மை. பொழுதுபோக்குப் படங்களின் அரசியல் பயனைப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் நன்கு அறிந்திருந்தார். 1937இல் உஃபா அரசின் கைக்குப் போனது. ஹேஸ்டர்ஸின் 'ஹலோ யானீன்' 1939 ஜூலையில் வெளியானது. இரண்டு மாதங்களில் போர். 1940இல் ஹேஸ்டர்ஸின் தாய்நாட்டை ஜெர்மானியப் படைகள் ஆக்கிரமித்தன. 1941இல் 'இம்மர் நூர் டூ', 1943இல் 'கார்னிவல் டேர் லீபே' என்று அவர் படங்கள் நிற்காமல் வந்தன. ஆட்சி 1944இல் வகுத்த இன்றியமையாக் கலைஞர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அவர் கட்சியில் சேரவில்லை. ஆனால் 1941இல் நாடகக் குழுவினருடன் டாக்காவ் வதைமுகாமுக்குச் சென்று வந்தார். போனதை ஒப்புக்கொண்டவர், அங்கே பாடவில்லை என்று உறுதியாக மறுத்தார். பாடினார் என்று சொன்ன எழுத்தாளர்மீது அவர் தொடுத்த வழக்கை 2008இல் பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று பாடினாரா இல்லையா என்பதில் விவாதம் முழுவதும் சிக்கிக்கொண்டது எனக்கு வருத்தம் தருகிறது. மறுப்புக்கே இடமில்லாமல் அவர் பாடிய பாட்டுகள் படச்சுருள்களில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பேச வேண்டாமா?

போரின் கடைசி மாதங்களில் அவர் நடிக்க வண்ணத்தில் எடுக்கப்பட்ட 'டீ ஃப்ளேடர்மௌஸ்' முடிவதற்குள் ஆட்சியே முடிந்துபோயிற்று. 1946இல் ஜெர்மனியின் சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதியைச் சேர்ந்த டெஃபா நிறுவனம் அதை வெளியிட்டது. அதன் பின் ஹேஸ்டர்ஸ் நடித்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 1951இல் கால்மானின் 'சார்டாஸ்ஃபூர்ஸ்டின்', 1952இல் பெனாட்ஸ்கியின் 'இம் வைசன் ரோஸ்ல்', 1953இல் லியோ ஃபாலின் 'டீ கெஷீடனெ ஃப்ராவ்'. எல்லாம் தடைசெய்யப்பட்டிருந்த படைப்புகள். முதலாவதில் இயக்குநர் அதே யாக்கொபி, நாயகி அதே மரிக்கா ரொக். அப்பாட்டுகள் ஏன் இத்தனை காலம் காணாமல் போயிருந்தன என்று கேட்க இந்தப் படங்களுக்கு மனமில்லை. 1957இல் அவர் நடித்த 'விக்டோர் உண்ட் விக்டோரியா'வும் மறுபதிப்புதான். 1933இல் மூலப்படத்தை இயக்கிய ரைன்ஹோல்ட் ஷூன்ட்செலும் நாட்டை விட்டுப் போனவர்.

ஒருமுறை, போனவர் ஒருவரே ஹேஸ்டர்ஸை அழைத்தார். 1935இல் வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற யூதரான ஓட்டோ ப்ரெமிஞ்சர், 1953இல் 'தி மூன் இஸ் ப்ளூ' படத்தை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒருசேர எடுத்தார். ஜெர்மன் வடிவமான 'டீ யுங்ஃப்ராவ் ஆவ்ஃப் டெம் டாஹ்' படத்தில், டேவிட் நிவன் ஏற்ற நடுவயதுச் சல்லாபக்காரர் வேடம் ஹேஸ்டர்ஸுக்கு. ஹார்டி க்ரூகரும் யோஹன்னா மாட்ஸும் இளம் ஜோடி.

நெதர்லாந்து ஹேஸ்டர்ஸை ஏற்கவில்லை. 1964இல் ஆம்ஸ்டர்டாமில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில், நாஜிகளுக்குப் பணியாமல் ஊரைவிட்டுப் போகும் கேப்டன் ட்ராப்பாக அவர் மேடையேறியபோது கூச்சலிட்டு விரட்டினார்கள். அந்த வேடத்தை அவருக்குத் தந்தவர்களின் துணிச்சலைவிட, அதை ஏற்றுக்கொண்ட அவருடைய மனநிலைதான் எனக்குப் புரியாத பகுதி. 2008இல், நூற்று நான்கு வயதில், பிறந்த ஊரில் பாட வந்தபோதும் அரங்குக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் நின்றார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒப்பரெட்டாப் படம் என்ற வகையே தேய்ந்தது. இளைஞர்களின் வெற்றிப்பாட்டுப் படங்களும் தொலைக்காட்சியும் அந்த இடத்தைப் பிடித்தன. லெஹாரின் 'டீ லுஸ்டிகெ விட்வெ' 1962இல் படமானபோது நாயகன் பீட்டர் அலெக்சாண்டர். அதன் டேனிலோ வேடத்தை மேடையில் ஆயிரம் தடவைக்கு மேல் ஏற்றிருந்த ஹேஸ்டர்ஸ் அரங்குகளுக்கே திரும்பினார். 2011 டிசம்பர் 24 அன்று, 108 வயதில் இறக்கும்வரை சினிமாவில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கௌரவத் தோற்றங்கள்.

அவரைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஹோஃப்கான்சர்ட்'டையும் ப்ரெமிஞ்சரின் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். முன்னதில் இயக்குநரும் நாயகியும் புறப்படும் தறுவாயில் இருக்கிறார்கள். பின்னதில் புறப்பட்டுப் போனவர் காமிராவுக்குப் பின்னால் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.