குளூட்டமேட்: விஷமா, பட்டினியா?

"மூளையில் குளூட்டமேட் அதிகமானால் நியூரான் செத்துப்போகும்." எங்கே பார்த்தாலும் இந்த ஒரு வரிதான். தப்பில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி 1988-லேயே வந்துவிட்டது: நோவெல்லி, ரெய்லி, லிஸ்கோ, ஹென்னபெரி நால்வரும் 'ப்ரெயின் ரிசர்ச்' இதழில் எழுதிய கட்டுரை.

செய்தது எளிமையான சோதனை. எலியின் சிறுமூளை நியூரான்களைக் கிண்ணத்தில் வளர்த்து குளூட்டமேட் கொடுத்தார்கள். குளுக்கோஸும் மெக்னீசியமும் இருந்தவரை செல்கள் தாக்குப்பிடித்தன. குளுக்கோஸை எடுத்தாலோ, ஏடிபி உற்பத்தியைத் தடுத்தாலோ, அதுவரை தாங்கிய குளூட்டமேட்டே கொன்றுவிட்டது.

காரணம் என்னன்னா, என்எம்டிஏ ஏற்பியின் வாசலை ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது செல்லுக்குள் உள்ள எதிர்மின்னழுத்தம். அதைக் காப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். பம்ப் ஓட ஏடிபி வேண்டும். ஏடிபி குறைந்தால் மின்னழுத்தம் சரியும், மெக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே கொட்டும். சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. இதுதான் கட்டுரையின் பலம்.

எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன.

முதலாவது, இவர்கள் ஆற்றலையும் குளூட்டமேட்டையும் தனித்தனிக் குமிழ் மாதிரி திருகுகிறார்கள். கிண்ணத்தில் அது முடியும். மூளையில் சிந்திய குளூட்டமேட்டை அள்ளுவது முக்கியமாக ஆஸ்ட்ரோசைட் செல்கள்தான். அள்ளுவதற்கான விசையும் அதே சோடியம் பம்ப் உண்டாக்கும் ஏற்றத்தாழ்விலிருந்துதான் வருகிறது. ஏடிபி தீர்ந்தால் அள்ளுவது நிற்கும்; கடத்திகள் தலைகீழாக ஓடி குளூட்டமேட்டை வெளியே தள்ளவும் செய்யும். ஆக, பட்டினியே விஷத்தையும் கொண்டுவருகிறது.

இரண்டாவது, அம்பு ஒரே திசையில் போகிறது. 1987-ல் டென்னிஸ் சோய் குழு பெருமூளைப் புறணி நியூரான்களுக்கு 5 நிமிடம் மட்டும் குளூட்டமேட் கொடுத்தது. பட்டினி போடவில்லை, இருந்தும் மறுநாளைக்குள் ஏராளமானவை செத்தன. 1995-ல் அன்கர்க்ரோனா குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. குளூட்டமேட் பட்டதும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் விழுகிறது. அது மீளாத செல்கள் உடனே சாகின்றன; மீண்டவற்றில் பலவும் பிறகு அபோப்டோசிஸில் சாகின்றன. அதாவது குளூட்டமேட்டும் ஆற்றலைக் குலைக்கிறது. இது நேர்கோடு இல்லை, சுழல்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை இல்லை. பக்கவாதத்தில் ரத்தம் நின்ற இடத்தில் ஓடுவது இந்தச் சுழல்தான். 'வாசலை அடைத்தால் போதும்' என்ற நம்பிக்கையில் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. மெக்னீசியத்தையே ஆம்புலன்ஸில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் 1700 பேரிடம் சோதித்த ஃபாஸ்ட்-மேக் ஆய்வு 2015-ல் வெளியானது. ஊனம் குறையவில்லை. மெக்னீசியம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் மெதுவாகத்தான் நுழையும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. என் வாசிப்பில் இன்னொன்றும் உண்டு: மின்னழுத்தமே சரிந்த செல்லில் மெக்னீசியத்தைக் கூட்டினாலும் அது வாசலில் சரியாக நிற்காது. 1988 கட்டுரையின் தர்க்கமே அதைத்தான் சொல்கிறது. மாறாக, அடைப்பைக் கரைத்தோ எடுத்தோ ரத்தத்தை மீட்கும் சிகிச்சைகள் பலன் தந்திருக்கின்றன. அவை முதலில் திருப்பிக் கொடுப்பது ஆற்றலை.

இனி குளூட்டமேட் நச்சுத்தன்மை பற்றி எந்தக் கட்டுரை கையில் கிடைத்தாலும், முடிவுரைக்குப் போகும் முன் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: ஏடிபி-யை அளந்தார்களா? அளக்கவில்லை என்றால், அது பாதிக் கதைதான்.