லூலாவுக்கு ஒரு விரல் ஆழம்

வெலிமடையிலிருந்து பதுளை வழியாக மஹியங்கனைக்கு இறங்கும் நம் தோட்டத்துப் பையன்கள் கையில் இப்போது மூங்கில் கம்பு இல்லை. கார்பன் கோல், சீன ரீல், பெட்டி நிறைய மின்னும் தகடுகள். சொரபொர வெவ கரையில் நின்று ஸ்பின்னர்பெய்ட் வீசுகிறார்கள். வீச்சு பார்க்க அழகாக இருக்கிறது, தூரமும் போகிறது. கூடைதான் நிறைவதில்லை. மீன் இல்லை, வலைக்காரர் அள்ளிவிட்டார்கள், தண்ணீர் கலங்கல் என்று காரணம் சொல்கிறார்கள். என் கணக்கில் கோளாறு இழுப்பில்தான் இருக்கிறது.

ஸ்பின்னர்பெய்ட் என்பது விரித்து வைத்த ஊக்கு போன்ற ஒரு கம்பி. கீழ்க்கையில் ஈயத்தலை, ரப்பர் குஞ்சம், தூண்டில் முள். மேல்கையில் சுழலும் தகடு. இதை நீர்மட்டத்தை ஒட்டி இழுக்கும்போது தகடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரக்கூடாது. ஒரு விரல் ஆழத்தில் சுழன்று, மேலே தண்ணீரைப் புடைக்க வைக்க வேண்டும். புடைப்புக்குப் பின்னால் அம்புமுனை மாதிரி ஒரு கோடு விரிந்து வரும். சளசளவென்று சத்தம் போட்டு வருவது பஸ்பெய்ட் என்ற வேறொரு போலி இரையின் வேலை. அதை நிறுத்தினால் மூழ்குவதோடு சரி, அதன் கவர்ச்சி தீர்ந்தது. ஸ்பின்னர்பெய்டை ஒரு மரக்கட்டை ஓரத்தில் சட்டென்று நிறுத்தினால், தகடு சுழன்றபடியே கீழே இறங்கும். பின்தொடர்ந்து வந்த மீன் வாய் வைப்பது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்.

இனி, கரையில் நடப்பதைப் பாருங்கள். தகடு தொப்பென்று விழுகிறது. பையன் வளையம் அடங்கும் வரை பார்க்கிறான். ரீலின் கம்பியை மடிக்கிறான். தொங்கிய தங்கூசியை இழுத்துச் சரிசெய்கிறான். அதற்குள் பத்து கிராம் ஈயம் இடுப்பளவு ஆழம் போய்விட்டது. பிறகு அவசரமாகச் சுற்றி மேலே கொண்டுவருகிறான், அது மேலே வரும்போது பாசி ஓரத்தைத் தாண்டி வெறுந்தண்ணீரில் நிற்கிறது. மீன் இருந்ததோ அந்தப் பாசி ஓரத்தில். “தம்பி, அது பறக்கும்போதே ரீலை மூடு” என்று ஒருவனிடம் சொன்னேன். “விழுந்த பிறகுதானே அண்ணே சுத்தணும்?” என்று கேட்டான். இல்லை. தகடு காற்றில் இருக்கும்போதே கம்பி மடிய வேண்டும், கோல்நுனி மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், தண்ணீரைத் தொடும்போது முதல் சுற்று தொடங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு நொடியில்தான் ஆட்டம் முடிவாகிறது.

அடுத்த தவறு தகட்டில். கடையில் முதலில் விற்பது வில்லோ, நீண்ட இலை வடிவத் தகடு. மின்னும், ஆனால் தண்ணீரை அதிகம் பிடிக்காது, மேலே நிற்க வேகம் வேண்டும். வட்டமான கொலராடோ தகடு தண்ணீரை நன்றாகப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்ளும், மெதுவாக இழுத்தாலும் அமிழாது, அதிர்வும் கனமாக இருக்கும். கலங்கல் தண்ணீரில் மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் உணர்வது அந்த அதிர்வைத்தான். ஏழு கிராம் தலை, கொலராடோ தகடு, மிதக்கும் பின்னல் நூல்: என் தெரிவு இதுதான்.

வேகமோகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்கொட் நடத்திய போட்டியிலிருந்துதான் பாஸ் மீன்பிடி அங்கே பெரும் தொழில்முறை விளையாட்டானது. அதன் நட்சத்திரம் கெவின் வான்டாம், விறுவிறுவென்று வீசிச் சுற்றுவதில் பேர்போனவர். 2011 பாஸ்மாஸ்டர் கிளாசிக்கில் மூன்று நாளில் 15 மீன், 69 இறாத்தல் 11 அவுன்ஸ். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் கைவலிக்கச் சுற்றுகிறார்கள். அந்த வெற்றியை அவருக்குத் தந்தது ஸ்பின்னர்பெய்டே அல்ல, கிராங்க்பெய்ட் என்ற வேறொரு போலி இரை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

நம் குளத்தில் பாஸும் இல்லை. இருப்பது லூலா, தமிழ்நாட்டில் விரால் என்பார்கள். என் பார்வையில் மேல்மட்ட இழுப்புக்கு லூலாதான் பொருத்தமான எதிராளி. பாஸ் நீர்மட்டத்துக்கு வருவது அதன் விருப்பம். லூலாவுக்கு அது கட்டாயம். வளர்ந்த லூலா காற்றைச் சுவாசிக்கும் மீன், மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகவே அது தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. ‘ப்ளக்’கென்று ஒரு வளையம் தெரிந்தால் அதன் தலையில் வீசாதீர்கள். நான்கைந்து முழம் தாண்டி வீசி, அந்த வழியாகக் கொண்டு வாருங்கள்.

பாஸையே கொண்டுவந்து விடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. துரைமார் 1880களில் மலையோடைகளில் ட்ரவுட் விட்ட ஊர்தானே இது என்பது அவர்கள் வாதம். ஜப்பானைக் கேளுங்கள். உலகச் சாதனைக்கு ஈடான பாஸ் 2009இல் பீவா ஏரியில்தான் பிடிபட்டது. அதே ஜப்பான் 2005இலேயே பாஸை ஆக்கிரமிப்பு இனமாகச் சட்டத்தில் எழுதிவிட்டது. மகாவலிப் படுகைக்கே உரிய ‘கங் ஆரா’ என்ற பெரிய விராலை வைத்திருக்கும் நாடு எதற்காக வெளியே கையேந்த வேண்டும்?

ரே ஸ்கொட் 1972இல் பிடித்த மீனை உயிரோடு விடும் வழக்கத்தைப் போட்டிகளில் புகுத்தினார். நம்மூரில் லூலாவை விடச் சொன்னால் அடிக்க வருவார்கள். பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேடிக் கொடுக்கும் மீன் அது. தின்னட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிக்கும் இடத்தில் வீசுவது விளையாட்டே அல்ல. கீழே காவல் நிற்கும் தாய்தகப்பன் பசியால் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கின்றன. அவற்றைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தீர்த்துவிடும்.

கடைசியாக, கொத்தும் நேரம். தண்ணீர் வெடித்ததும் கோலை வெடுக்கென்று இழுப்பவனுக்கு வெறும் தகடுதான் திரும்பி வரும். லூலாவின் வாய் எலும்பு, முள் எளிதில் ஏறாது. கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்: சுற்றுவதை விடாமல், கோல்நுனியைத் தாழ்த்தி, பாரம் தெரிந்த பிறகே வலிக்க வேண்டும். கச்சான் காற்றில் தண்ணீர் சிலிர்த்திருக்கும் காலை இதற்கு நல்ல நேரம், அலை தகட்டின் பொய்யை மறைத்துவிடும். 1939இல் இந்த நாட்டுக்குள் வந்த சல்வீனியா என்ற நீர்ச்செடி பாய்போல் மூடிய மூலைகளில் மட்டும் ஸ்பின்னர்பெய்டைப் பெட்டியில் போட்டுவிட்டு ரப்பர் தவளையை எடுங்கள். கரையைவிட்டுத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், அந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு.