டபிள்யூ.எஸ்.எம். வானொலி: நாட்டுப்புறம் உருவாக்கப்பட்ட விதம்

டபிள்யூ.எஸ்.எம்., அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில் இயங்கும் வானொலி நிலையம். கன்ட்ரி இசை என்னும் நாட்டுப்புறப் பாணி இசை பெருந்தொழிலாக வளர்ந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. எளிய மக்களின் குரலாக ஒலித்த நிலையம் என்றே இதன் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை மட்டுமே.

வரலாறு

1925 அக்டோபர் 5 அன்று இந்நிலையத்தைத் தொடங்கியது ஒரு காப்பீட்டு நிறுவனம். 'பல லட்சம் பேரைக் காக்கிறோம்' என்னும் அதன் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகளே நிலையத்தின் பெயர். அவ்வாண்டு நவம்பர் 28 இரவு, 77 வயதான அங்கிள் ஜிம்மி தாம்சனை ஃபிடில் வாசிக்கவைத்தார் அறிவிப்பாளர் ஜார்ஜ் டி. ஹே. அதிலிருந்து வளர்ந்த சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு 1927இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயரிட்டார். ஐரோப்பிய ஆப்பெராவைக் கேலி செய்யும் பெயர் அது. 1932இல் ஒலிபரப்பின் திறன் 50,000 வாட்டாக உயர்ந்தது. உள்ளூர் நிலையம் இரவு நேரங்களில் பல மாநிலங்களுக்குக் கேட்டது. வீடுவீடாகச் சென்ற காப்பீட்டு முகவர்களுக்கு ஆப்ரியின் பெயரே அறிமுகச் சீட்டாயிற்று.

விமர்சனம்

ஹே கிராமத்து இசைக்கு மேடை கொடுத்தார். அதோடு கிராமத்தான் எப்படித் தோன்ற வேண்டும் என்பதையும் அவரே முடிவுசெய்தார். தொடக்ககாலப் புகைப்படங்களில் கோட்டு அணிந்து நிற்கும் கலைஞர்கள், பின்னர் வயல்வேலை உடையில் காட்டப்பட்டனர். ஹம்ஃப்ரி பேட் மருத்துவம் படித்த டாக்டர். அவருடைய குழுவின் பெயரோ 'பாசம் வேட்டைக்காரர்கள்'. பாசம் என்பது அங்குள்ள ஒரு சிறு காட்டுவிலங்கு. நகரத்து நிறுவனம் விற்ற நாட்டுப்புறம் இது.

இந்தச் சித்திரத்தில் ஒருவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. மவுத் ஆர்கனில் ரயிலை ஓடவிட்ட கறுப்பினக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி, ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். பெயர் சூட்டப்பட்ட இரவில் ஒலித்ததும் அவருடைய ரயில் இசைதான் என்பது ஆப்ரியின் சொந்தக் கதை. நிறவேற்றுமை நிலவிய தென்மாநிலங்களில், உடன் வாசித்தவர்கள் தங்கிய விடுதிகளில் அவர் தங்க முடியவில்லை. 1941இல் நிலையம் அவரை நீக்கியது. பாடல் உரிமைத் தகராறால் பழைய மெட்டுகளை வாசிக்கத் தடை வந்தது ஒரு காரணம். ஆனால் ஹே பின்னர் அவரைச் சோம்பேறி என்று எழுதினார். குழுவின் செல்லப்பொருள் போலவும் குறிப்பிட்டார். பெய்லி நாஷ்வில்லில் காலணி மெருகிடும் கடை நடத்தி வாழ்ந்து 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டது 2005இல்.

மதிப்பீடு

நிலையத்தின் சாதனையை இது அழித்துவிடாது. சில ஆண்டுகள் முன்னதாக, 2002இல், இசையைக் கைவிட்டு விளையாட்டுச் செய்திகளுக்கு மாறும் யோசனை எழுந்தபோது நேயர்களும் கலைஞர்களும் எதிர்த்தனர், யோசனை கைவிடப்பட்டது. விற்பனைக்காகத் தொடங்கிய ஒன்றை மக்கள் தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கு இது சான்று. ஆனால் மக்கள் இசை என்று சொல்லும்போது, அந்த மக்களில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் வரலாறு சொல்ல வேண்டும். பெய்லியின் பெயரை அடிக்குறிப்பில் வைக்கும் வரலாறு அதைச் சொல்வதில்லை.