ஐ.ஆர்.35: ரத்து செய்தால் தீருமா?

பிரிட்டனில் தேர்தல் நெருங்கினால் கான்ட்ராக்டர்களின் காதில் விழும் வாக்குறுதி ஒன்று உண்டு. ஐ.ஆர்.35 விதியை ஒழிப்போம் அல்லது மறுபரிசீலனை செய்வோம் என்பது அது. 2024 தேர்தலில் ரிஃபார்ம் யுகே கட்சி ஒழிப்பதாகவே எழுதிக்கொடுத்தது, லிபரல் டெமாக்ரட்டுகள் மறுபரிசீலனை என்றார்கள். தொழிற்கட்சியும் கன்சர்வேடிவ் கட்சியும் கால் நூற்றாண்டாக இதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கின்றன. கட்சிகளின் பேச்சை ஒதுக்கிவிட்டு, அவை சட்டமாக்கியதை மட்டும் எடுத்து நிறுத்துப் பார்த்தால் கணக்கு வேறாக வருகிறது.

1999 மார்ச் பட்ஜெட்டோடு அன்றைய வருமான வரித்துறை வெளியிட்ட ஒரு பத்திரிகைக் குறிப்பின் எண்தான் ஐ.ஆர்.35. நிதியமைச்சராக இருந்தவர் தொழிற்கட்சியின் கார்டன் பிரவுன். வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, திங்கட்கிழமை தன் சொந்தக் கம்பெனி வழியாக அதே நாற்காலியில் வந்து உட்காருபவரைப் பிடிப்பதே நோக்கம். அவர் தன் கம்பெனியிலிருந்து சிறிய சம்பளமும் மீதியை ஈவுத்தொகையாகவும் எடுத்துக்கொள்வார். சம்பளத்தின்மீது ஊழியரும் முதலாளியும் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் ஈவுத்தொகைக்குக் கிடையாது. அவரை அமர்த்திய நிறுவனத்துக்கும் அந்தச் செலவு மிச்சம். 2000 ஏப்ரலில் வந்த சட்டம் கேட்டது ஒரே கேள்வி: நடுவில் இருக்கும் கம்பெனியை எடுத்துவிட்டால் இவர் ஊழியரா? ஆம் என்றால் ஊழியருக்குரிய வரி. ஆனால் ஊழியருக்குரிய சம்பளத்தோடு கூடிய விடுப்பு, நோய்க்கால ஊதியம், வேலை நீக்கப் பாதுகாப்பு எதுவும் அந்தத் தீர்ப்போடு வராது. வரிக்கு ஊழியர், உரிமைக்கு அந்நியர். இந்தக் கோணல் பிறந்தது தொழிற்கட்சியின் வீட்டில் என்பதைப் பதிவு செய்துகொள்வோம்.

எதிர்க்கட்சியாக இருந்தபோது இதைச் சாடிய கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்தபின் விதியை நீக்கவில்லை, இறுக்கியது. 2017 ஏப்ரல் முதல் அரசுத் துறைகளில், 2021 ஏப்ரல் முதல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில், யார் ஊழியர் என்று முடிவெடுக்கும் பொறுப்பு கான்ட்ராக்டரிடமிருந்து வேலை கொடுப்பவருக்கு மாறியது. தவறாக முடிவெடுத்தால் வரிப் பாக்கியும் அவர் தலையில். விளைவை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம். வங்கிகள் உட்படப் பல பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு ஆள் ஆராய்வதை விட்டுவிட்டு, சொந்தக் கம்பெனி வைத்திருப்பவர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்தின. நேர்மையாகத் தொழில் நடத்தியவரும் சேர்ந்து வெளியே நின்றார்.

விதியை எழுதிய அரசே அதைச் சரியாகக் கையாண்டதா? தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 பிப்ரவரியில் சொன்னபடி, மத்தியத் துறைகளும் அவற்றின் முகமைகளும் தப்பாகக் கணித்ததற்காக 2020-21இல் வரித்துறைக்குக் கட்ட வேண்டியிருந்த தொகை 26.3 கோடி பவுண்டு. வேலை, ஓய்வூதியத் துறையின் பங்கு மட்டும் 8.79 கோடி. ஊருக்குத்தான் உபதேசம். நீதிமன்றங்களுக்கும் இது எளிதாக இல்லை. பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து தொகுப்பாளர் கே ஆடம்ஸின் 2015-16, 2016-17 கணக்கு பற்றிய வழக்கு கீழ்த் தீர்ப்பாயத்தில் தொடங்கி, மேல் தீர்ப்பாயம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, மறுபடி கீழே இறங்கி 2023இல்தான் அவர் பக்கம் முடிந்தது. நீதிபதிகளையே இத்தனை காலம் அலைக்கழிக்கும் கேள்விக்கு, ஒரு கம்பெனியின் மனிதவளத் துறை ஒரு மதியத்தில் விடை சொல்ல வேண்டும் என்கிறது சட்டம்.

2022 செப்டம்பர் 23 அன்று கன்சர்வேடிவ் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 2017, 2021 மாற்றங்களை ரத்து செய்வதாக அறிவித்தபோது கான்ட்ராக்டர்கள் கொண்டாடினார்கள். அக்டோபர் 17 அன்று அவருக்குப் பின் நிதியமைச்சரான ஜெரமி ஹன்ட் அந்த அறிவிப்பையே ரத்து செய்தார். ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் இருந்திருக்கும். முடிவெடுக்கும் சுமையும் அபராத அபாயமும் மட்டும் கான்ட்ராக்டரிடமே திரும்பியிருக்கும். அவர்கள் கொண்டாடியது அதைத்தான்.

சண்டை இத்தனை நீள்வதற்கான வேர் விகிதங்களில் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஊழியரின் நேஷனல் இன்சூரன்ஸ் 12 சதவீதம், முதலாளியின் பங்கு 13.8, சுயதொழில் செய்பவருக்கு 9. ஊழியர் என்ற பெயருக்கும் சுயதொழில் என்ற பெயருக்கும் இடையே 16.8 புள்ளி. பிறகு ஹன்ட் 2024இல் ஊழியர் விகிதத்தை 8க்கும் சுயதொழில் விகிதத்தை 6க்கும் இறக்கினார். தொழிற்கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 ஏப்ரலில் முதலாளி பங்கை 15க்கு ஏற்றினார். இப்போது இடைவெளி 17. இரண்டு கட்சிகள், இவ்வளவு ஆரவாரம், ஒரு புள்ளிகூட நகரவில்லை.

ஈவுத்தொகைப் பக்கம் மட்டும் மெல்ல நெருக்கினார்கள். 2016இல் 5,000 பவுண்டு வரை வரியில்லை, 2024 முதல் 500 பவுண்டுதான். அடிப்படை விகிதம் 7.5இலிருந்து 8.75ஆகி, 2026 ஏப்ரல் முதல் 10.75. சலசலப்பின்றி, வழக்கின்றி, கம்பெனி வழியின் லாபத்தைக் குறைத்தது இதுதான். இதில் இரு கட்சிகளும் கூட்டாளிகள்.

கதவு சாத்தப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அம்ப்ரெல்லா கம்பெனி. கான்ட்ராக்டரைப் பெயருக்கு ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் இடைத்தரகு அது. நாளுக்கு 400 பவுண்டு, வாரம் 2,000 என்று ஏஜென்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அம்ப்ரெல்லாவின் கட்டணம் வாரம் 25 பவுண்டு என்று கொண்டால், முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் சுமார் 244 பவுண்டும் அதே 2,000க்குள்ளிருந்தே போகும். பயிற்சி வரியும் உண்டு. மிஞ்சும் ஏறக்குறைய 1,722 பவுண்டுதான் 'சம்பளம்'. அதற்குப் பிறகுதான் அவருடைய சொந்த வரி தொடங்கும். 2025 ஏப்ரலுக்கு முன் அதே கணக்கில் சம்பளம் சுமார் 1,749. முதலாளிமீது போட்ட வரி என்று ரீவ்ஸ் சொன்னதை இந்தச் சம்பளச் சீட்டில் கட்டியது தொழிலாளிதான்.

ஆனாலும் அதே அரசு செய்த ஒன்றைப் பாராட்ட வேண்டும். 2026 ஏப்ரல் முதல், அம்ப்ரெல்லா கம்பெனி வரியைக் கட்டாமல் ஓடினால் அதைத் தேர்ந்தெடுத்த ஏஜென்சியும் பொறுப்பு. யாரோ செய்த மோசடிக்குத் தொழிலாளியைத் துரத்தாமல், பணம் கைமாறும் இடத்தில் இருப்பவரைப் பிடிக்கிறது இது. இத்தனை ஆண்டுகளில் வந்த விதிகளில் குறி தப்பாதது இது ஒன்றே.

என் தீர்ப்பு இதுதான். கான்ட்ராக்டர்களின் நண்பன் என்று சொல்லிக்கொண்ட கன்சர்வேடிவ் கட்சிதான் நடைமுறையில் அவர்களை அதிகம் காயப்படுத்தியது. தொழிற்கட்சி மூலத் தவறின் உரிமையாளர், நிர்வாகத்தில் சற்று மேல். ரிஃபார்மின் ஒழிப்பு வாக்குறுதி கவர்ச்சியானது, ஆனால் முதலாளி பங்கான 15 சதவீதத்தைத் தொடாமல் விதியை மட்டும் எடுத்தால் 1999இன் வெள்ளி-திங்கள் விளையாட்டு மறுநாளே திரும்பும்.

இந்த விகித இடைவெளியை நேருக்கு நேர் தொட்டவர் ஒருவர்தான், கன்சர்வேடிவ் நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹேமண்ட். 2017 மார்ச் 8 அன்று சுயதொழில் விகிதத்தை 9இலிருந்து படிப்படியாக 11க்கு ஏற்றுவதாகச் சொன்னார். கசப்பான யோசனை, ஆனால் நேர்மையான வழி. நேஷனல் இன்சூரன்ஸை ஏற்ற மாட்டோம் என்ற 2015 தேர்தல் வாக்குறுதியைக் காட்டிச் சொந்தக் கட்சியினரே எகிற, ஒரே வாரத்தில் வாபஸ் வாங்கினார். அதன்பின் வந்த எந்த நிதியமைச்சரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஹன்ட் எதிர்த்திசையில் போய் விகிதத்தை 6 ஆக்கினார்.