யாருடைய உருவம்?

கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமுன் கல்லறையின் 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள் முதல்முறையாக ஒரே கூரையின்கீழ் வந்திருக்கின்றன. கூடவே, ஆங்கிலத் தலைப்புகளில் 'கிங் டட்'டும் திரும்பி வந்துவிட்டார். இந்தச் சுருக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. துட்டன்காமுன் என்ற பெயர் வாயில் நுழையாது; 'டட்' என்ற செல்லப்பெயரால்தான் 3,300 ஆண்டுக்கு முந்தைய ஒருவன் பள்ளிப் பிள்ளைக்கும் பழக்கமானவன் ஆனான் என்கிறார்கள்.

சுருக்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எகிப்தியர்களும் சுருக்கினார்கள். இதே அரசனின் நூபியப் பிரதிநிதியான அமென்ஹோதெப்பை ஊரே 'ஹூய்' என்றுதான் அழைத்தது. இரண்டாம் ராம்செஸுக்கு 'செசெ' என்ற செல்லப்பெயர் இருந்தது. பெயரின் முடிவு அமுனா, அமெனா, அமோனா என்ற எழுத்துச் சண்டையிலும் எனக்கு அக்கறை கிடையாது. எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படவில்லை. எதை இட்டாலும் ஊகம்தான்.

என் சண்டை வெட்டிய இடத்தைப் பற்றியது. துட்-அங்க்-அமுன் என்றால் அமுன் என்ற தெய்வத்தின் உயிருள்ள உருவம். பிறந்தபோது இவனுக்கு இட்ட பெயர் இதுவல்ல, துட்டன்காதென்: ஆதெனின் உயிருள்ள உருவம். ஆதென் என்ற சூரிய வட்டை முதன்மைப்படுத்தி, அமுனின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்கவைத்த அரசன் அகெனாதெனின் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை அவன். எட்டு, ஒன்பது வயதில் அரியணை ஏறி, சில ஆண்டுகளில் பெயரை மாற்றிக்கொண்டான். அரசி அங்கெசென்பாதெனும் அங்கெசெனமுன் ஆனாள். முடிவு அவனுடையதோ, ஆய் போன்ற மூத்த ஆலோசகர்களுடையதோ, பத்தாண்டுகூட நீடிக்காத அந்த ஆட்சியின் மிகப் பெரிய அரசியல் செயல் இந்தப் பெயர் மாற்றம்தான். அது முழுவதும் பெயரின் கடைசித் துண்டில் நடந்தது. பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் பொதுவான முதல் துண்டை வைத்துக்கொண்டு, மாறிய துண்டைத் தூக்கி எறிந்திருக்கிறது ஆங்கிலம். மிஞ்சிய 'துட்' வெறும் உருவம். யாருடைய உருவம் என்பதுதானே அன்று எகிப்தை உலுக்கிய கேள்வி!

கல்லறையில் கிடைத்த பொன் அரியணையைப் பாருங்கள். முதுகுப் பலகையில் அரசன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அரசி அவனுக்கு நறுமணத் தைலம் பூசுகிறாள். மேலே ஆதென், அதன் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையாக முடிகின்றன. அதே அரியணையில் ஆதென் பெயரும் இருக்கிறது, அமுன் பெயரும் இருக்கிறது. ஒரு நாடு தெய்வம் மாறியதன் சாட்சி அந்த ஒரு நாற்காலி. அதைக் 'கிங் டட்டின் நாற்காலி' என்று சொன்னால் எந்தப் பெயரைச் சொன்னதாக ஆகும்? இரண்டுக்கும் பொருந்துகிறது, அதனால் ஒன்றையும் சொல்லவில்லை. இன்னொன்று: அரசனின் பெயர்ச் சட்டத்துக்குள் எழுத்தன் அமுனைத்தான் முதலில் எழுதினான். உச்சரிப்பில் கடைசி என்றாலும் எழுத்தில் தெய்வத்துக்கே முதலிடம். அங்கே முன்னால் நின்றவர் ஆங்கிலத் தலைப்பில் இடமே இல்லாமல் போனார்.

கார்ட்டர் 1923இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் பெயரின் மூன்று துண்டுகளுக்கும் நடுவே புள்ளி வைத்தார். பார்க்க அழகில்லை, ஆனால் அது மூன்று சொல் என்றாவது தெரிந்தது. செய்தித்தாள்களுக்கு முதல் புள்ளிக்கு மேல் பொறுமை இருக்கவில்லை. அதன்பின் 'கிங் டட்' அமெரிக்க அதிபர் ஹூவரின் நாய்க்குப் பெயரானது. 1978இல் ஸ்டீவ் மார்ட்டினின் நையாண்டிப் பாட்டானது. செல்லப்பெயராம்! செல்லம் கொஞ்ச ஆளைத் தெரிந்திருக்க வேண்டாமா? பெயரை அழிப்பது புதிதல்ல: துட்டன்காமுனுக்குப் பின் வந்த அரசன் ஹோரெம்ஹெப், அமுன் கோயில்களை மீட்டதைச் சொல்லும் இவனது கல்வெட்டில் இவன் பெயரை நீக்கித் தன் பெயரைப் பொறித்தான். அபிதோஸ் அரசர் பட்டியலிலும் இவன் கிடையாது. ஹோரெம்ஹெப்பாவது ஒரு கணக்கோடுதான் அழித்தான். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க அவன் எதையும் அழிக்கவில்லை.

நீளம் என்ற சாக்கும் நிற்காது. ஆங்கிலத்தில் துட்டன்காமுனுக்கு 11 எழுத்து, பாபிலோனின் நெபுகாத்நேச்சாருக்கு 14. பைபிளில் வரும் அந்த அரசனை ஆங்கிலேயன் ஒரு எழுத்து குறையாமல் எழுதுகிறான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் தடுக்காமல் சொல்கிறார்கள். அவனை யாரும் 'கிங் நெப்' ஆக்கவில்லை.