உமர் பின் ஸயீதின் பதினைந்து பக்கங்கள்

அடிமை வாணிபத்தின் வரலாற்றை ஆராய விழைவோருக்கு இணையம் இன்று இரு பெரும் வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. ஒன்று, 'ஸ்லேவ் வாயேஜஸ்' எனும் தரவுத்தளம். 2008 முதல் இணையத்தில் கிடைக்கும் இதில், அட்லாண்டிக் கடலைக் கடந்த ஏறத்தாழ 36,000 அடிமைக் கப்பல் பயணங்கள் பதிவாகியுள்ளன. ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டோர் 1 கோடியே 25 லட்சம் பேர், உயிருடன் கரையிறங்கியோர் 1 கோடியே 7 லட்சம் பேர் என்பது அதன் ஆய்வாளர்களின் மதிப்பீடு. மற்றொன்று, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2019-இல் இணையத்தில் வெளியிட்ட உமர் பின் ஸயீதின் கையெழுத்துத் தொகுப்பு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே ஒவ்வொன்றின் பயனும் குறையும் புலனாகின்றன.

இன்றைய செனகலைச் சார்ந்த ஃபூத்தா தோரோவில் 1770 வாக்கில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்றவர் உமர். 1807-இல் போரில் பிடிபட்டு, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். அடிமை இறக்குமதியைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1808 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. தரவுத்தளத்தில் அந்த ஆண்டையும் துறைமுகத்தையும் இட்டுத் தேடினால் கப்பல்களின் பெயர்கள் வரும். உமரின் பெயர் வராது. வணிகரின் கணக்கேட்டில் அவர் ஓர் எண் மட்டுமே. உமரும் தம்மைச் சுமந்து வந்த கப்பலின் பெயரைக் கூறவில்லை. ஒன்றரை மாதக் கடற்பயணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

1831-இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு பதினைந்து பக்கங்களே கொண்டது. 1925-இல் ஓர் அமெரிக்க வரலாற்று இதழ் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பின்னர் மூலப்பிரதி காணாமற்போய், 1995-இல்தான் மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் உமரை அறிந்தோர் அனைவரும் மொழிபெயர்ப்பாளரின் குரலையே கேட்டனர்.

அரபி அறிந்தவர் மூலத்தை நோக்கினால் முதற்பக்கமே அவரை நிறுத்திவிடும். தம் கதையைத் தொடங்குமுன் உமர் 'அல்-முல்க்' அத்தியாயத்தை எழுதுகிறார். ஆட்சியும் உடைமையும் இறைவன் கரத்தில் என்பது அதன் தொடக்கப் பொருள். முல்க், மாலிக், மம்லூக் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மனிதருக்கு உடைமையாக்கப்பட்ட ஒருவர் 'உடைமை யாருக்கு?' என்னும் வினாவை முன்னிறுத்தியே பேசத் தொடங்குகிறார். ஆங்கிலத்தில் இவ்வேர்த் தொடர்பு முற்றாக மறைந்துவிடுகிறது.

எனினும் நம்மவர் சிலர் இதைக் கொண்டே, அவர் இறுதிவரை ஈமானை மறைத்து வாழ்ந்தார் என்று முடிவு கட்டுகின்றனர். அவர் ஞானஸ்நானம் பெற்றதும், தம்மை வைத்திருந்த ஓவன் குடும்பத்தாரைப் புகழ்ந்ததும், முன்பு ஃபாத்திஹா ஓதியதையும் இப்போது ஈஸா நபியின் பிரார்த்தனையைச் சொல்வதையும் அடுத்தடுத்துக் குறித்ததும் அதே பிரதிகளும் பதிவுகளும் கூறுபவைதாம். அவரது மதமாற்றத்தை அன்று கொண்டாடியோரும் இவ்வாறே அவசரப்பட்டனர். 1857-இல் அவர் எழுதிய ஒரு தாளில் இருப்பது 'அந்-நஸ்ர்' அத்தியாயம். தாளின் பின்புறத்திலோ அது கர்த்தர் கற்பித்த ஜெபம் என்று ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டுள்ளது! உள்ளங்களை அறிபவன் அல்லாஹ். ஆய்வாளர் எழுத்தைத்தான் படிக்க இயலும்.

இந்த நேர்மை நம் பக்கமும் திரும்ப வேண்டும். அட்லாண்டிக் பயணங்களுக்கு உள்ளது போன்ற விரிவான கணக்கு சஹாராப் பாலைவழிக்கும் செங்கடல் வழிக்கும் இன்னும் இல்லை. அவ்வழிகளில் வாங்கியோரும் விற்றோரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். அடிமை விடுதலையைப் பாவப் பரிகாரமாகவும் ஸகாத்தின் செலவினமாகவும் ஆக்கிய வேதத்தை உடையோர், துனீசியாவில் 1846-இலும் சவூதி அரேபியாவில் 1962-இலும் மூரித்தானியாவில் 1981-இலும்தான் சட்டத்தால் அடிமை முறையை ஒழித்தனர். உமரின் அரபியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டும் நாம், அதே அரபியில் எழுதப்பட்ட அடிமை விற்பனைப் பத்திரங்களையும் தேடிப் படிக்கக் கடமைப்பட்டவர்கள். அவற்றுள் பெயரின்றிப் போனவர்களும் கல்வி கற்ற உமர்களாக இருந்திருக்கலாம். எழுதுகோல் அவர்கள் கைக்கு எட்டவில்லை என்பதே வேறுபாடு.