அமைதலும் அமைத்தலும்

தமிழில் 'அமை' என்னும் அடிச்சொல் இரு வினைகளைத் தரும். தானே பொருந்தி நிற்பது அமைதல். ஒருவர் முனைந்து பொருத்துவது அமைத்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் இவ்விரண்டுக்கும் பெயர்ச்சொல் ஒன்றாகவே வழங்குகிறது. உயிரணுவின் அமைப்பு என்பர். வாக்கிய அமைப்பு என்பர். தொழிலாளர் அமைப்பு என்றும் சொல்வர். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றுதானோ என்னும் மயக்கம் எழுகிறது. இம்மயக்கம் தமிழுக்கே உரியதன்று. ஐரோப்பிய மொழிகளிலும் உயிரினத்தைக் குறிக்கும் சொல்லும் நிறுவனத்தைக் குறிக்கும் சொல்லும், கருவி எனப் பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லினின்று கிளைத்தவையே. அணு முதல் அரசு வரை எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான ஓர் அறிவியல் உண்டு என்று சொல்லும் நூல்களைப் படிப்போர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

ஆங்கில அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1860ஆம் ஆண்டில் சமுதாயத்தை உயிருடம்போடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். ஒப்புமையை அவர் வெகுதூரம் நீட்டினார் எனினும், ஒரு வேறுபாட்டை மறைக்கவில்லை. உடம்பில் உணர்ச்சி ஒரு பகுதியில் மட்டும் குவிந்துள்ளது. சமுதாயத்திலோ ஒவ்வோர் உறுப்பினரும் இன்பதுன்பம் உணர்வர். ஆகவே சமுதாயமே உறுப்பினர்க்காக உள்ளது என்றார் அவர். அவருக்குப் பின் வந்தோர் பலர் ஒப்புமையை எடுத்துக்கொண்டு, இந்த விலக்கை விட்டுவிட்டனர்.

ருஷிய மருத்துவரும் புரட்சியாளருமான அலெக்சாண்டர் போக்டானொவ் இத்துறையில் செய்த முயற்சி மிகத் துணிச்சலானது. லெனினோடு கருத்து மாறுபட்டு 1909இல் போல்ஷ்விக் குழுவினின்று நீக்கப்பட்ட இவர், 1913 முதல் 1922 வரை மூன்று பகுதிகளாகத் தம் பெருநூலை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'டெக்டாலஜி'. கட்டுவோன், தச்சன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயரிலேயே அவர் நோக்கம் விளங்குகிறது. அவர் பார்வையில் இயற்கையே முதற்பெருந் தச்சன். மனிதன் அத்தச்சனின் ஆக்கங்களில் ஒருவன். படிகம் வளர்வதும், எறும்புகள் கூடிவாழ்வதும், மனிதர் தொழிற்சாலை நடத்துவதும் ஒரே வினையின் வடிவங்களாகின்றன. சுருங்கச் சொன்னால், அமைதலும் அமைத்தலும் அவரிடம் ஒன்றாகிவிடுகின்றன.

இந்நூலின் வளத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. நீராவி எந்திரமும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் ஒன்றையொன்று சீர்செய்துகொள்வதுபோல், இருபுறமும் இயங்கும் சீராக்கம் எல்லாத் துறையிலும் உண்டென்று அவர் காட்டினார். நார்பர்ட் வீனரின் 'சைபர்னெடிக்ஸ்' நூல் வந்தது 1948இல்தான். முழுமையின் உறுதி அதன் மிக வலுக்குறைந்த பகுதியைப் பொறுத்தது என்னும் அவருடைய விதியும் புகழ்பெற்றது. சங்கிலிக்கு இவ்விதி அப்படியே பொருந்தும். மக்கட் கூட்டத்திற்குப் பொருத்தும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. சங்கிலியில் எக்கண்ணி நைந்தது என்பதைப் பளுவே காட்டிவிடும். கட்சியிலோ தொழிற்சாலையிலோ, நைந்த கண்ணி இன்னதென்று சொல்பவர் யார்? சொல்லப்பட்டவன் மறுத்துப் பேச இடமுண்டா? இவ்வினாக்களுக்குத் தச்சனின் உளியில் விடையில்லை. ஜெர்மானிய சோஷியல் டெமாக்ரடிக் கட்சியை ஆராய்ந்து 1911இல் நூல் எழுதிய ராபர்ட் மிஷெல்ஸ், அமைப்பு என ஒன்று தோன்றிய இடத்தில் சிலர் கையில் அதிகாரம் சேரும் என்றார். அவர் முடிவு மிகையாயினும், கேட்ட கேள்வி சரியானது.

போக்டானொவ் தம் கொள்கையை உடம்பிலும் நடத்திக் காட்டினார். ஒருவர்க்கொருவர் குருதி மாற்றிக்கொண்டால் குறைகள் ஈடுசெய்யப்படும் என்று நம்பி, மாஸ்கோவில் 1926இல் குருதியேற்றும் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். நோயுற்ற மாணவர் ஒருவரோடு குருதி மாற்றிக்கொண்டபின் 1928 ஏப்ரலில் உயிர் நீத்தார். மாணவர் பிழைத்தார். கொள்கையைப் பிறர்மேல் மட்டும் சோதிக்காத நேர்மை போற்றத்தக்கது.

வியன்னாவில் பிறந்த உயிரியல் அறிஞர் லுட்விக் வான் பெர்ட்டலான்ஃபி 1968இல் தம் பொது அமைப்புக் கொள்கையை நூலாக்கினார். போக்டானொவ் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தும், இவர் நூலில் அவர் பெயர் இல்லை. மேலோட்டமான ஒப்புமை வேறு, விதியின் வடிவில் காணும் ஒற்றுமை வேறு என்று பிரித்துக் காட்டியது இவர் செய்த நல்ல காரியம். கூட்டுவட்டியும் கிருமிப் பெருக்கமும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்பதும் உண்மையே. ஆயினும் கிருமி பிளவுபட்டுப் பெருகுகிறது. வட்டியோ ஒப்பந்தத்தால் பெருகுகிறது. சட்டமியற்றி வட்டியை நிறுத்தலாம். சமன்பாடு இதைச் சொல்லாது.

இம்மூவரினும் அடக்கமாகப் பேசியவர் அமெரிக்கரான ஹெர்பர்ட் சைமன். 1962இல் வெளிவந்த அவர் கட்டுரையில் இரு கடிகாரத் தொழிலாளர் வருகின்றனர். இருவரும் 1,000 உறுப்புகள் கொண்ட கடிகாரம் செய்வோர். ஒருவர் ஒன்றொன்றாகக் கோக்கிறார். இடையூறு நேர்ந்தால் எல்லாம் சிதறும். மற்றவர் பத்துப்பத்தாகச் சிறு பகுதிகள் செய்து, பின் அவற்றை இணைக்கிறார். சிதறுவது ஒரு பகுதி மட்டுமே. ஓர் உறுப்பைக் கோக்கும்போது இடையூறு நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று எனக் கொண்டால், முதலாமவர்க்குச் சுமார் 4,000 மடங்கு காலம் ஆகும் என்பது சைமன் கணக்கு. நுணுகிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,000 மடங்கே வரும். கருத்துக்கு அதனால் ஊறில்லை. நிலைத்து நிற்கும் சிறுபகுதிகளினின்றே பெரிய அமைப்புகள் விரைந்து உருவாகும் என்பதே அவர் சொல்ல வந்தது. இதில் அமைதலின் விதி தெளிவாகக் கூறப்படுகிறது. தாம் சொல்லும் படிநிலை மேலதிகாரிக்குக் கீழ் சிற்றதிகாரி என்னும் உறவு மட்டுமன்று என்றும் சைமன் எச்சரித்துள்ளார். அலுவலக மேலாண்மை பற்றி எழுதுவோர் கடிகாரக் கதையை எடுத்தாளும்போது, அவ்வெச்சரிக்கையையும் சேர்த்தே எடுத்தாள வேண்டும்.

போக்டானொவின் நூலைத் தமிழாக்க முன்வருவோர்க்குத் தலைப்பிலேயே தடை காத்திருக்கிறது. 'அமைப்பியல்' என்னும் சொல்லை வேறொரு மொழியியல், இலக்கியக் கொள்கைக்குத் தமிழ்த் திறனாய்வாளர் முன்பே வழங்கிவிட்டனர். 'அமைப்பாக்கவியல்' என்றால் தச்சன் தெரிகிறான். தானே வளரும் படிகம் மறைந்துவிடுகிறது.